எஞ்சின் எண் எழுதும் பிள்ளை

தபால்தலை சேர்க்கும் பிள்ளையையும் நாணயம் சேர்க்கும் பிள்ளையையும் பெற்றோர் பெருமையோடு பிறருக்குக் காட்டுவதுண்டு. இரயில் எஞ்சின்களின் எண்களைச் சேர்க்கும் பிள்ளையை என்ன சொல்லிக் காட்டுவது? பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகனைக் குறித்து நான் பட்ட கவலை இதுதான்.

எங்கள் ஊர் சங்கரன்கோவில். மாலை வேளைகளில் அவன் இரயில் நிலையத்துக்குச் சென்றுவிடுவான். வருகின்ற வண்டிகளின் எஞ்சின் எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வான். 2023ஆம் ஆண்டுக் காலாண்டுத் தேர்வில் கணக்கில் அவனுக்கு மதிப்பெண் மிகவும் குறைந்தது. நான் சினம் மிகுந்து அந்த நோட்டைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவன் எதிர்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அன்று முதல் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

"அவனோடு ஒரு நாள் போய், அப்படி என்னதான் பார்க்கிறான் என்று நீங்களும் பார்த்துவிட்டு வாருங்களேன்" என்றாள் என் மனைவி. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் மதுரையிலிருந்து எங்கள் ஊர் வழியாகச் செங்கோட்டை, புனலூர் கடந்து குருவாயூருக்கு நேர் வண்டி ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு சனிக்கிழமை மதிய உணவை முடித்துக்கொண்டு இருவரும் புறப்பட்டோம்.

பாதையின் கதை

நடைமேடையில் நிற்கும்போதே தொலைவில் ஊதல் ஒலி கேட்டது. "டீசல் எஞ்சின், அப்பா" என்றான். பல நாள்களுக்குப் பின் அவனாக என்னிடம் பேசிய முதற்சொல் அதுவே.

விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் எங்கள் பாதை 1927இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலம். நான் சிறுவனாக இருந்த காலத்தில், கொல்லம் மெயில் கடந்து செல்லும்போது என் தந்தையார் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு காட்டுவார். 2004இல் இப்பாதை 1,676 மில்லிமீட்டர் கொண்ட அகலப்பாதையாயிற்று. செங்கோட்டைக்கு அப்பால் புனலூர் வரையுள்ள 49 கிலோமீட்டர் மலைப்பாதை இன்னும் பழையது, 1904இல் திறக்கப்பட்டது. அதனை அகலப்படுத்துவதற்காக 2010இல் மூடினார்கள். மீண்டும் வண்டி ஓடியது 2018இல்தான். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மலைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள உறவினர்கள் பேருந்தையே நம்பியிருந்தார்கள்.

எழுத்தில் அடங்கிய செய்தி

செங்கோட்டையில் வண்டி சற்று நேரம் நின்றது. பின்புறத்தில் இன்னோர் எஞ்சினைக் கொண்டுவந்து இணைத்தார்கள். மகன் என் கையைப் பற்றி இழுத்துச் சென்று, அதன் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினான்: 'டபிள்யூ டி ஜி 3 ஏ'.

"முதல் எழுத்து அகலப்பாதையைக் குறிக்கும், மீட்டர் பாதையாக இருந்தால் 'ஒய்' என்று இருக்கும். 'டி' என்றால் டீசல். 'ஜி' என்றால் சரக்கு வண்டி இழுப்பது. மூன்று என்பது மூவாயிரம் குதிரைத்திறன். 'ஏ' என்றால் அதற்கு மேல் ஒரு நூறு. பக்கத்தில் 'ஜி ஓ சி' என்று இருக்கிறது பாருங்கள், இது பொன்மலைப் பணிமனையைச் சேர்ந்தது."

"பயணிகள் வண்டிக்குச் சரக்கு எஞ்சின் எதற்கு?" என்று கேட்டேன்.

"இங்கே வேகம் வேண்டாம், அப்பா. இழுக்கும் வலிமைதான் வேண்டும். இந்த மலைப்பாதையின் ஏற்றம் முப்பத்தேழுக்கு ஒன்று. முப்பத்தேழு மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் உயர்வோம். நம் வண்டி முந்நூறு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், முன் எஞ்சின் பின் எஞ்சினைவிட எட்டு மீட்டர் மேலே நிற்கும். ஒரு மாடி வீட்டின் உயரம்!"

தாளோ பேனாவோ இல்லாமல் மனத்தாலேயே வகுத்துச் சொன்னான். கணக்கு வராத பிள்ளை என்று நான் பலர் முன்னிலையில் சொல்லியிருந்தேன். எனக்கு வாய் திறக்கவில்லை.

மலைக்குள்ளே

பகவதிபுரம் கடந்ததும் நீண்ட குகை வந்தது. பெட்டிக்குள் குளிர்ந்த காற்றும் ஈர மண்ணின் மணமும் நிறைந்தன. ஆரியங்காவு தாண்டிக் கழுதுருட்டியில் புகழ்பெற்ற பதின்மூன்று கண் பாலத்தின்மேல் வண்டி மெல்ல ஊர்ந்தது. கருங்கல்லால் எழுப்பிய பாலம் அது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இக்காட்டிலே அக்கற்களைச் சுமந்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் அமைத்த தூண்களின்மேல் இன்றும் வண்டி செல்கின்றது. படிக்கட்டில் நின்று வெளியே எட்டிப்பார்க்கத் துடித்த சில இளைஞர்களை என் மகனே தடுத்தான். "குகைச் சுவர் மிக அருகில் வரும், உள்ளே இருந்து பாருங்கள்" என்றான். எண் எழுதுவதற்காகத் தண்டவாளத்தில் இறங்குவதில்லை என்பது அவன் தனக்கே வைத்துக்கொண்ட விதி என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

புனலூரில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். புறப்படும்போதே அலமாரியைத் திறந்து எடுத்து வந்திருந்தேன், கொடுக்கத்தான் தயக்கம். அன்றைய எஞ்சின் எண்ணை நானே அதில் எழுதி அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஓர் இலக்கம் தவறு, அப்பா" என்று சிரித்துத் திருத்தினான்.

அரையாண்டுத் தேர்வில் அவன் கணக்கில் முதல் மதிப்பெண் பெற்றான் என்று எழுத எனக்கும் ஆசைதான். பெறவில்லை, சற்றே முன்னேறினான், அவ்வளவே. ஆனால் மாலையில் வீடு திரும்பியதும் அன்று கண்ட எஞ்சினைப் பற்றி என்னிடம் வந்து சொல்கிறான். நானும் கேட்கிறேன்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் எதையேனும் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். அது வீண்பொழுது என்று முடிவு கட்டுவதற்கு முன், ஒரு நாளேனும் அதன் பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள்.