பார்வையாளர் இல்லாத மாநாடு



"எங்கள் சங்க விழாவுக்கு வா என்றால் பிள்ளை வரமாட்டான். சித்திரக்கதை மாநாடு என்றால் விடியவே எழும்பி, வேடமும் போட்டுக்கொண்டு றெயின் ஏறிவிடுகிறான்." எங்கள் கலையகத்துக்கு அழைக்கும் பெற்றோர் பலர் இப்படிச் சொல்வதுண்டு. அப்படி அங்கே என்னதான் இருக்கிறது? கணக்காளன் என்ற முறையில் அந்த மாநாடுகளின் பழைய கதையையும் காசு விபரத்தையும் இங்கே சொல்கிறேன்.

விஞ்ஞானப் புனைகதை வாசகர்களின் முதலாவது உலக மாநாடு 1939 யூலையில் நியூயோர்க்கில் நடந்தது. வந்தவர்கள் சுமார் 200 பேர். அதை எந்த நிறுவனமும் நடத்தவில்லை. சஞ்சிகைகளில் கதை படித்துக் கடிதம் மூலம் நண்பர்களான இளைஞர்களே கூடி நடத்தினார்கள்.

யேர்மனியில் இந்த விதையைப் போட்டவர்களில் முக்கியமானவர் வால்ட்டர் ஏர்ன்ஸ்ரிங். போர்க் கைதியாகச் சோவியத் நாட்டில் இருந்து 1950இல் திரும்பியவர். பிரித்தானிய அதிகாரிகளிடம் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தபோது ஆங்கில விஞ்ஞானக் கதைகள் அவருக்கு அறிமுகமாயின. 1955இல் நண்பர்களோடு சேர்ந்து 'சயன்ஸ் ஃபிக்சன் கிளப் டொய்ச்லாண்ட்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். 1961இல் அவரும் கே. எச். ஷேயரும் உருவாக்கிய 'பெரி ரோடான்' இன்றும் வாரந்தோறும் வெளிவருகிறது.

1970 ஓகஸ்ட் 20 முதல் 24 வரை, அந்த உலக மாநாடு ஹைடெல்பேர்க் நகர மண்டபத்தில் நடந்தது. ஆங்கிலம் பேசாத ஒரு நாட்டில் அது கூடியது அதுவே முதல் தடவை. சுமார் 600 பேர் வந்தார்கள். அமெரிக்கரான றொபேட் சில்வர்பேர்க், பிரித்தானியரான ஈ. சி. ரப், வியன்னாவில் பிறந்த ஹேர்பேட் பிராங்க ஆகிய எழுத்தாளர்கள் சிறப்பு விருந்தினர்கள். போர் முடிந்து 25 ஆண்டுகளில், நேற்றைய எதிரிகள் ஒரே மண்டபத்தில் கதை பேசினார்கள்.

இனிக் காசு விடயத்துக்கு வருவோம். இந்த உலக மாநாட்டில் அடிப்படையானது நுழைவுச்சீட்டு அல்ல, உறுப்புரிமை. ஏற்பாட்டுக் குழுவினரும் தங்கள் பணத்தைக் கட்டுவதே வழக்கம். நேரில் வர முடியாதவரும் குறைந்த தொகை கட்டி உறுப்பினராகலாம். வெளியீடுகள் அவருக்குக் கிடைக்கும், ஹியூகோ விருதுக்கு வாக்களிக்கவும் முடியும். மாநாட்டுக்கு முன்கூட்டியே காசு சேர்வதால் மண்டபத்துக்கு முற்பணம் கட்டக் கடன்பட வேண்டியதில்லை. இனிவரும் மாநாடு எந்த ஊரில் என்பதையும் உறுப்பினர்களே வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள்.

இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. 1953இல் தொடங்கிய அத்திலாந்திக் கடல்கடந்த இரசிகர் நிதியம், ஒரு கரையில் உள்ள இரசிகரை மறுகரைக்கு அனுப்பி வைக்கிறது. யாரை அனுப்புவது என்று வாக்களிப்பவர் ஒரு சிறு தொகையும் கொடுக்க வேண்டும். அமெரிக்கரான எலியட் ஷோட்டர் அப்படிச் சேர்ந்த சில்லறைக் காசில்தான் ஹைடெல்பேர்க் வந்தார்.

இன்று நிறுவனங்கள் நடத்தும் பெரிய கண்காட்சிகளில் சீட்டு வாங்குபவர் வாடிக்கையாளர். கையெழுத்துக்கும் படத்துக்கும் தனிக் கட்டணம். இரசிகர் மாநாட்டில் காசு கட்டுபவர் பங்காளி. பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அங்கே ஒரு பொறுப்பு கிடைக்கும். பெயர் அட்டை எழுதலாம், கதிரை அடுக்கலாம், மேடையில் கேள்வி கேட்கலாம்.

எங்கள் விழாக்களை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் சீட்டு வாங்குகிறோம், பிள்ளைகளைப் பின்வரிசையில் இருத்துகிறோம். ஐந்தொகையை அவர்கள் கண்டதே இல்லை. யேர்மனியில் ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய ஏழு உறுப்பினர் போதும். அந்த ஏழு பேரும் வயதாகி ஓயும்போது திறப்பை யாரிடம் கொடுப்பது? ஐந்து யூரோ உறுப்புரிமையும், ஒரு வாக்கும், கணக்கைப் பார்க்கும் உரிமையும் இளையோருக்கு இப்போதே கொடுக்கலாம்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை மாநாட்டுக்குப் புறப்படும்போது, "அங்கே உனக்கு என்ன வேலை தந்திருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வரும் பதிலை எங்கள் நிகழ்ச்சியிலும் பகிர்ந்துகொள்ளுங்கள்.