திருமுக்கூடலில் ஒரு சிறு கல்லூரி

உத்திரமேரூர் என்றதும் குடவோலையே நம் நினைவுக்கு வருகின்றது. பராந்தக சோழனின் 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் காண மாணவர் பலர் அவ்வூருக்கு வருகின்றனர். வந்தவருள், அதற்கு வடகிழக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலையும் கண்டு திரும்புவோர் சிலரே. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வீரராசேந்திர சோழனது ஐந்தாம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பெற்ற நீண்ட கல்வெட்டு, ஒரு சிறு கல்லூரி வளாகத்தையே நம் கண்முன் நிறுத்துகின்றது.

அக்கல்லூரி பெரிதன்று. இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரத்தில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர். திருமுக்கூடலிலோ இருக்கு வேதத்திற்குப் பதின்மர், யசுர் வேதத்திற்குப் பதின்மர், இலக்கணத்திற்கு இருபதின்மர்; ஏனையோரையும் சேர்த்து விடுதியில் உண்டோர் அறுபதின்மர். வகுப்பும் விடுதியும் மருத்துவமனையும் சனநாத மண்டபத்தைச் சார்ந்தே நடைபெற்றன.

நம்மை வியக்கச் செய்வன அக்கல்வெட்டுத் தரும் அளவுகளே. மாணவர் படுக்கப் பாய், இரவு விளக்கிற்கு எண்ணெய், சனிக்கிழமை தலைமுழுக எண்ணெய் ஆகிய அனைத்திற்கும் நிவந்தம் உண்டு. மாணவருக்கும் கோயிற் பணியாளருக்கும் உரிய ‘வீரசோழன்’ ஆதுலசாலையில் கட்டில்கள் 15. மருத்துவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்வாருக்கு 30 கலம் நெல். மூலிகை கொணர்வோர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர். சேமித்து வைக்கவேண்டிய தைலம், கிருதம் முதலிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. அறுபதின்மர் உண்ட இடத்தில் பதினைந்து கட்டில்! ஆயிரவர் பயிலும் இன்றைய கல்லூரிகளுள் இதனை எட்டுவன எத்தனை?

எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. அங்குப் பயிலப்பெற்றவை வேதமும் வடமொழி இலக்கணமுமே. அந்நெல்லை விளைவித்த உழவனின் மகனுக்கு அம்மண்டபத்தில் பாயும் இல்லை, விளக்கும் இல்லை.

இன்று அவ்வுழவரின் வழிவந்தோர் நம் வகுப்புகளில் அமர்ந்துள்ளனர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் அவருட் பலர். முதற் பேருந்தைப் பிடிக்கும் விரைவில் காலையுணவின்றி வருகின்றனர். காய்ச்சல் கண்டால் கடைசி வரிசைப் பலகையில் தலைசாய்த்துக் கிடக்கின்றனர். புதிய அரங்கிற்கும் முகப்பு வளைவிற்கும் நன்கொடை திரட்டும் கல்லூரிகள் பலவற்றின் கட்டடப் பட்டியலில், இவர்கள் படுத்திருக்க ஓர் அறை இன்னும் இடம்பெறவில்லை.