கொஞ்சம் குதிரை... நிறைய குஷி!

கேன்டீனில் கார் பேச்சு ஆரம்பிச்சா, முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான். "எத்தனை பி.ஹெச்.பி. மச்சி?" 500-னு சொன்னா விசில் பறக்கும். 100-னு சொன்னா, 'ப்ச்... அடுத்தது சொல்லு'தான்!

ஆனா பாஸ், ஓட்டுற சந்தோஷத்தை வெறும் குதிரைக் கணக்கில் அளந்தா, சூப்பரான ரெண்டு ஜாதிக் கார்களை மொத்தமா மிஸ் பண்ணிடுவோம். ஒண்ணு, ரெண்டே சீட், திறந்து மூடுற கூரை, பின் சக்கரம் தள்ளிக்கிட்டுப் போற குட்டி ஸ்போர்ட்ஸ் கார். இன்னொண்ணு, காய்கறி வாங்கப் போற ஹேட்ச்பேக்குக்குள்ளே முரட்டு இன்ஜினைத் திணிச்ச 'ஹாட் ஹேட்ச்'. ரெண்டுமே கோடீஸ்வரர்களுக்காகப் பிறந்த கார்கள் இல்லை. மாசச் சம்பளக்காரனும் நாலு வருஷம் கஷ்டப்பட்டா வாங்கிடலாம்னு செஞ்சவை.

2003-ல் வந்த 'நீட் ஃபார் ஸ்பீடு: அண்டர்கிரவுண்ட்' கேமுக்காக விடிய விடிய முழிச்சிருந்தவங்களுக்கு இந்த ரெண்டு பேரையும் நல்லாவே தெரியும். மாஸ்டா எம்.எக்ஸ்-5 மியாட்டா, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. கேமில் ரெண்டையும் ஒரே விரலால் ஓட்டினோம். நிஜத்தில் ரெண்டும் எதிரெதிர் துருவம்!

சீனியாரிட்டிபடி முதல்ல ஜி.டி.ஐ. ஜெர்மனியில் ஃபோக்ஸ்வேகன் கம்பெனியின் சில இன்ஜினீயர்கள், மேலிடத்துக்குத் தெரியாம ஆபீஸ் நேரத்துக்கு அப்புறம் கூடி உருவாக்கின கார் இது. (நம்ம ஹாஸ்டலில் ராத்திரி நடக்கிற சில புராஜெக்ட் மாதிரியேதான்!) 1975 பிராங்ஃபர்ட் மோட்டார் ஷோவில் காட்டினாங்க. 1976-ல் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரை, எடை சுமார் 810 கிலோ. 5,000 கார் வித்தாலே பெரிய விஷயம்னு கணக்குப் போட்டாங்க. அந்த முதல் தலைமுறை மட்டுமே 4 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல பறந்துச்சு! கட்டம் போட்ட சீட் துணி, கோல்ஃப் பந்து வடிவ கியர் குமிழ் ரெண்டும் அப்போ வந்த ஸ்டைல்தான்.

மியாட்டா கதை வேற. அமெரிக்க ஆட்டோமொபைல் பத்திரிகையாளர் பாப் ஹால், 1979-ல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவைச் சந்திச்சார். 'அந்தக் கால பிரிட்டிஷ் ரோட்ஸ்டர் மாதிரி சின்னதா, லேசா, விலை கம்மியா ஒரு திறந்த காரை நீங்க ஏன் செய்யக் கூடாது?'ங்கிறதுதான் அவர் கிளப்பிவிட்ட கேள்வி. அந்த பிரிட்டிஷ் கார்கள் ஓட்ட அமர்க்களமா இருக்கும். ஆனா ஆயில் ஒழுகும், மழை வந்தா மக்கர் பண்ணும். அதே ஜாலி, ஜப்பான் நம்பகத்தன்மையோட கிடைச்சா? பத்து வருஷம் கழிச்சு, 1989-ல் சிகாகோ ஆட்டோ ஷோவில் பதில் வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரை, ஒரு டன்னுக்கும் குறைவான எடை. அமெரிக்காவில் ஆரம்ப விலை 13,800 டாலர். 2016-ல் பத்து லட்சமாவது கார் ஃபேக்டரியை விட்டு வெளியே வந்தது.

இந்தக் காரைப் பத்திப் பேசும்போதெல்லாம் மாஸ்டாக்காரங்க 'ஜின்பா இட்டாய்'னு ஒரு ஜப்பானிய வார்த்தையை எடுத்துவிடுவாங்க. குதிரையும் அதில் உட்கார்ந்திருக்கிறவனும் ஒரே உடம்பா ஆகிடறதுன்னு அர்த்தம். ஒரே ஒரு குதிரைதான். 500 இல்லை!

சரி, ஓட்டும்போது என்னதான் வித்தியாசம்? இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஏலகிரி மலை. மாமாவோட செகண்ட் ஹேண்ட் பேலியோ 1.6. நூறு குதிரை, முன் சக்கர டிரைவ். லைசென்ஸ் எடுத்த புதுசு, கொழுப்பு நிறைய. ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிச்சுக்கிட்டே ஆக்ஸிலேட்டரையும் ஒரு மிதி மிதிச்சேன். கார் திரும்பலை. நேரா போகுது! பதறிப்போய் இன்னும் ஒடிச்சா, இன்னும் நேரா போகுது. எதிரே இறங்கி வந்த பஸ், சக்கரம் கிறீச்சிட நின்னுச்சு. ரெண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இடம்தான். அந்த டிரைவர் அண்ணன் சொன்ன வார்த்தைகளை எடிட்டர் அச்சில் ஏத்த மாட்டார்.

அதுக்குப் பேர் 'அண்டர்ஸ்டீர்'. ஒரே சம்பளத்தில் ரெண்டு குடும்பம் நடத்துற கதை அது. ஹாட் ஹேட்ச்சில் வண்டியை இழுக்கிறதும் முன் டயர்தான், திருப்புறதும் அதே டயர்தான். இழுக்கிறதுக்கே பிடிமானத்தை எல்லாம் செலவு பண்ணிட்டா, திருப்ப கையில் காசு இருக்காது. அப்போ காலை மெதுவா எடுத்திருக்கணும், நான் மிதிச்சேன். மியாட்டாவில் முன் டயருக்குத் திருப்புற வேலை மட்டும்தான், தள்ளுறது பின் டயர். எடையும் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட பாதிப் பாதி. அதனாலதான் அதன் ஸ்டீயரிங் அவ்வளவு தெளிவா பேசும்.

அதுக்காக ஹாட் ஹேட்ச் மட்டம்னு நினைச்சுடாதீங்க. 1984-ல் வந்த பெஜோ 205 ஜி.டி.ஐ-யைக் கேட்டா கதை கதையா சொல்லும். வளைவுக்கு நடுவில் சட்டுனு ஆக்ஸிலேட்டரை விட்டா, எடையெல்லாம் முன்னாடி சாயும், பின்பக்கம் லேசாகி ஒரு ஆட்டு ஆட்டும். தெரிஞ்சவனுக்கு அது டான்ஸ். தெரியாதவன் வேலியில் போய் நிப்பான். அப்புறம், நாலு பேரை ஏத்திக்கிட்டு ஊருக்குப் போகலாம், பின் சீட்டை மடக்கினா ஹாஸ்டல் ரூமையே காலி பண்ணி எடுத்துட்டுப் போகலாம். மியாட்டாவில்? கேர்ள் ஃப்ரெண்டை ஏத்தினா பெட்டிக்கு யோசிக்கணும்!

பிடிமானம் அதிகமா இருந்தாத்தான் ஜாலின்னும் சொல்ல முடியாது. 2012-ல் டொயோட்டா 86 வந்தப்போ அதில் மாட்டியிருந்தது, பிரையஸ் ஹைபிரிட் காருக்கும் போடுற மிச்செலின் டயர். 200 குதிரை ஸ்போர்ட்ஸ் காருக்கு மைலேஜ் வண்டி டயரான்னு சிரிச்சாங்க. வேணும்னுதான் செஞ்சாங்க. டயர் கொஞ்சம் சீக்கிரமா வழுக்கினா, சாதாரண வேகத்திலேயே காரோட விளையாட முடியும். சூப்பர் காரில் அந்த எல்லையைத் தொட 200 கி.மீ. வேகம் வேணும். அதுக்குள்ளே நாம ஆஸ்பத்திரியிலோ, ஸ்டேஷனிலோ இருப்போம்.

ஆனா 'கம்மி விலை' விஷயத்தில் இன்னொரு வில்லன் உண்டு. பிரிட்டனில் 1990-களின் தொடக்கத்தில் ஹாட் ஹேட்ச் திருட்டு கன்னாபின்னான்னு எகிற, கூடவே இன்ஷூரன்ஸ் பிரீமியமும் எகிறி, யாருக்காகச் செஞ்சாங்களோ அந்த இளைஞர்களே வாங்க முடியாமப் போச்சு. அப்புறம் மீண்டு வந்தும், கூட்டம் குறைஞ்சுக்கிட்டேதான் இருக்கு. ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்.டி., பல பேருக்கு 'பெஸ்ட் குட்டி ஹேட்ச்'. 2023-ல் ஃபியஸ்டா தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. கோல்ஃப் ஜி.டி.ஐ. 2025-ல் இந்தியாவுக்கு வந்துச்சு... 53 லட்ச ரூபாய்க்கு! 265 குதிரை, எடை 1,400 கிலோவுக்கு மேல, கியர் போட கிளட்ச்சும் கிடையாது. 1976-ன் 810 கிலோ குட்டிப் பையன் எங்கே, இந்த மாப்பிள்ளை எங்கே!

மியாட்டா நம்ம ஊருக்கு முறைப்படி வந்ததே இல்லை. கோவாவில் சான் மோட்டார்ஸ் 'ஸ்டார்ம்'னு ஒரு ரெண்டு சீட் திறந்த கார் செஞ்சாங்க. 60 குதிரைதான். ஆசை பெருசு, விற்பனை சிறுசு. ஹேட்ச் பக்கம் பார்த்தா, 2015-ல் 145 குதிரையோட அபார்த் புன்டோ பத்து லட்சத்தை ஒட்டின விலையில் வந்தது. 2016-ல் போலோ ஜி.டி.ஐ., அதுவும் 99 கார் மட்டும், 25 லட்சத்துக்கு மேல. ரெண்டும் இப்போ செகண்ட் ஹேண்டில்தான். சுசூகியின் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை நமக்குக் கண்ணிலேயே காட்டலை. ஆனா ஒரு ஆறுதல். 2018-ல் இங்கே வந்த சாதா பெட்ரோல் ஸ்விஃப்ட்டே 900 கிலோவுக்குள்தான். முதல் மியாட்டாவைவிட லேசு! அப்பாகிட்ட அது இருந்தா, நல்ல டயர் போட்டு, ஆளில்லாத வளைவு ரோட்டில் 50-60 கி.மீ-யில் ஸ்டீயரிங் என்ன சொல்லுதுன்னு கவனிச்சுப் பாருங்க. ரேஸ் ஆசை வந்தா இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கு. மலை ரோட்டில் மட்டும் வேண்டாம், அந்த பஸ் டிரைவர் அண்ணன் இன்னும் சர்வீஸில் இருக்கலாம்.

ஒரே ஒரு கார்தான் வாங்க முடியும்னா எது? புத்தி சொல்றது ஹாட் ஹேட்ச். மனசு கேட்கிறது மியாட்டா. வீட்டில் நான் போட்டிருக்கிற அப்ளிகேஷன், செகண்ட் ஹேண்ட் அபார்த் புன்டோவுக்கு. மாமா மட்டும் இன்னும் கையெழுத்துப் போடலை!