இலத்திரன் ஆளிகள்

வீட்டுச் சுவரிலுள்ள ஆளியை நாம் அழுத்துகின்றோம், மின்குமிழ் ஒளிர்கின்றது. சுற்றிலிருந்த இடைவெளியை ஓர் உலோகத் துண்டு அடைத்து மின்னோட்டத்துக்கு வழி செய்தமையே இங்கு நிகழ்ந்தது. இவ்வாளியை இயக்குவது நமது விரல். விரலுக்குப் பதிலாகச் சிறியதொரு மின்குறியே பெரியதொரு மின்னோட்டத்தைச் செலுத்தவும் நிறுத்தவும் வல்லதாயின், அக்கருவி பல அருஞ்செயல்களுக்கு வாயிலாகும். அத்தகைய கருவிகளின் இயல்பை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வழியில் முன்னோடியாய் அமைந்தது றிலே எனப்படும் மின்காந்த ஆளி. 1835 ஆம் ஆண்டளவில் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி இதனை அமைத்தார். சுருளிற் சிற்றோட்டம் பாய, அதனுள்ளிருக்கும் இரும்பு காந்தமாகி, வேறொரு சுற்றின் தொடுகைகளைச் சேர்க்கும். இரு சுற்றுக்களும் ஒன்றையொன்று தொடாதிருத்தல் இதன் சிறப்பு. அசையும் உறுப்புத் தேய்தலும் தொடுகைகளிற் பொறி எழுதலும் இதன் குறைகள்.

அசையும் உறுப்பை அறவே ஒழித்தது வெற்றிடக் குழாய். லீ டி பொறஸ்ற் 1906 இல் ஆக்கிய மூன்று மின்வாய்க் குழாயில், சூடேறிய வாயிலிருந்து புறப்படும் இலத்திரன்களை இடையிலுள்ள நெய்யரி தடுக்கவோ செல்லவிடவோ செய்யும். 1946 இல் வெளிப்படுத்தப்பட்ட எனியாக் கணனியில் இத்தகைய குழாய்கள் ஏறத்தாழ 18,000 இருந்தன. அவை பெருவெப்பத்தை உண்டாக்கின, அடிக்கடி பழுதுற்றன.

1947 டிசெம்பரில் பெல் ஆய்வுகூடத்தில் ஜோன் பாடீன், வால்ற்றர் பிறற்றேன் ஆகியோர் திரான்சிற்றரைக் கண்டனர். அவ்விருவருக்கும் வில்லியம் சொக்லிக்கும் 1956 இல் நோபெற் பரிசு கிடைத்தது. திரான்சிற்றருக்கு அடி, காலி, சேகரிப்பான் என மூன்று முனைகள் உள. சிலிக்கன் திரான்சிற்றரின் அடிக்கும் காலிக்குமிடையே ஏறத்தாழ 0.7 வோல்ற்றுக் கொடுத்து அடியிற் சிற்றோட்டம் செலுத்தினால், சேகரிப்பான் வழியே அதனிலும் பன்மடங்கு ஓட்டம் செல்லும்.

ஆளியாகப் பயன்படும் திரான்சிற்றர் முற்றாகக் கடத்தவேண்டும். அன்றேல் முற்றாக நிற்கவேண்டும். 12 வோல்ற்று மின்கலவடுக்குடன் 12 ஓம் தடையொன்றை இணைத்து அதனை ஆள்வதாகக் கொள்வோம். முற்றாகக் கடத்துங்கால் திரான்சிற்றரில் 0.2 வோல்ற்று எஞ்சினால், அதில் விரயமாவது ஏறத்தாழ 0.2 உவாற்று மாத்திரமே. அரைகுறையாகக் கடத்தி 6 வோல்ற்றும் 0.5 அம்பியரும் அதன்பாற் பட்டால் விரயம் 3 உவாற்றாகும். சிறிய திரான்சிற்றரொன்று அவ்வெப்பத்தைத் தாங்காது கருகிவிடும்.

மற்றொரு வகை புலவிளைவுத் திரான்சிற்றர். 1959 இல் அற்றாலா, காங் என்போர் பெல் ஆய்வுகூடத்தில் ஆக்கிய இவ்வகையில், படலை எனும் முனையை மெல்லிய சிலிக்கன் ஒட்சைட்டுப் படை காவலிடுகின்றது. ஆதலால் ஆளியை ஒரே நிலையில் வைத்திருக்க, படலைக்கு மின்னழுத்தம் வேண்டுமேயன்றி ஓட்டம் அனேகமாக வேண்டா. இன்றைய கணனிச் சில்லு ஒன்றில் இத்தகைய ஆளிகள் கோடிக்கணக்கில் உள. நமது விரலிலிருந்து பாயும் நிலைமின் அம்மெல்லிய படையைத் துளைத்துவிடக்கூடும் என்பதை மாணவர் மறவாதிருக்க.

தைரிற்றரின் இயல்பு வேறு. ஒருமுறை தூண்டினால், தூண்டுகுறி நீங்கிய பின்னும் அது கடத்திக்கொண்டேயிருக்கும். ஓட்டம் ஓரளவுக்குக் கீழே குறைந்தாலன்றி நில்லாது. 50 சுழற்சி ஆடலோட்டம் செக்கனுக்கு 100 முறை பூச்சியமாவதால் அங்கு அது தானே நிற்கும். இருதிசையும் கடத்தும் திரயக், மின்விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்த உதவுகின்றது.

இவற்றைக் கையாள்வோர் இரண்டினை உளங்கொள்ளல் வேண்டும். முதலாவது, சுருளின் ஓட்டத்தைத் திடீரென நிறுத்தினால் அங்கு பேரழுத்தம் எழும். நேரோட்டச் சுற்றாயின், சுருளுக்குக் குறுக்கே இருவாயியொன்றை எதிர்முகமாக இணைத்தால் திரான்சிற்றர் பிழைக்கும். இரண்டாவது, இலத்திரன் ஆளி நின்றிருக்கும்போதும் அதனூடே சிறிதளவு மின் கசியும். அது பழுதுற்றாலோ பெரும்பாலும் கடத்தும் நிலையிலேயே நின்றுவிடும். விளக்கு அணைந்திருப்பதால் கம்பியில் மின் இல்லை என்று கொள்ளற்க. 230 வோல்ற்றுக் கம்பியிற் கைவைக்குமுன் பிரதான ஆளியை நீக்கி, மின் இன்மையைச் சோதித்தறிதல் வேண்டும்.

சிற்றாற்றல் பேராற்றலை ஆள்வதே இக்கருவிகளின் தத்துவம். அத்தத்துவத்தையும் அதன் எல்லையையும் ஒருங்கே அறிந்தவனுக்கே இவை நற்பணியாளராய் விளங்கும்.