முருகன் மலையில் பிறந்த பாட்டுக்கும் நியூயார்க் ஜாஸுக்கும் ஒரு முடிச்சு, தெரியுமா?

திருத்தணி மலைக்கு 365 படி. முத்துசுவாமி தீட்சிதர் வாயில் முருகனே கிழவர் வேடத்தில் வந்து கற்கண்டு போட்டதும், மாயாமாளவகௌளை ராகத்தில் அவருடைய முதல் கிருதி பிறந்ததும் இங்கேதான் என்பது ஐதீகம். இதெல்லாம் தெரிந்ததுதான். அதே தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளை எடுத்து, சமஸ்கிருத சாகித்யம் போட்டு 'நோட்டு ஸ்வரம்' ஆக்கினார், தெரியுமா? அதில் ஒன்று சாட்சாத் 'காட் சேவ் த கிங்' மெட்டு!

அடுத்தவர் மெட்டை எடுத்துத் தன்னுடையதாக்கும் இந்த வித்தையை 2009இல் இன்னொரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை செய்தார். பெயர் விஜய் ஐயர். 1971இல் அமெரிக்காவில் பிறந்தவர். மூன்று வயதில் வயலின். பியானோ? பெரும்பாலும் கேள்வி ஞானம்! படித்ததோ கணிதமும் இயற்பியலும்.

அந்த வித்தையைக் காட்டிய ஜாஸ் ஆல்பத்தின் பெயர் 'ஹிஸ்டாரிசிட்டி'. பியானோ, பாஸ், டிரம்ஸ், மூன்றே பேர். டிரம்ஸ் வாசித்த மார்கஸ் கில்மோர், ஜாஸ் ஜாம்பவான் ராய் ஹெய்ன்ஸின் பேரன்! அதில் 'கலாங்' என்றொரு பாட்டு. யாருடையது தெரியுமா? யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக லண்டன் திரும்பிய எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசத்தின் ராப் பாட்டு! ஈழத்தமிழ்ப் பெண்ணின் மெட்டு, தமிழ்நாட்டு வம்சாவளிக்காரரின் பியானோவில்.

அதே ஆல்பத்தில் உள்ள 'மிஸ்டிக் ப்ரூ' இன்னும் விசேஷம். நெடிலும் குறிலுமாக விழும் அதன் தாளத்தை 3, 5, 8, 13 என்று போகும் ஃபிபொனாச்சி எண்களில் பின்னியிருக்கிறார். 'கார்டியன்' நாளிதழில் அவரே கட்டுரை எழுதி விளக்கினார். அந்த எண்வரிசையை, ஃபிபொனாச்சிக்கு முன்பே, செய்யுள் மாத்திரைக் கணக்குக்காக நம் நாட்டு அறிஞர் ஹேமச்சந்திரர் சொல்லிவிட்டார் என்பது உபரித் தகவல்.

இந்த ஆல்பத்தைப் பற்றி விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையின் 2009 ஜாஸ் விமர்சகர் வாக்கெடுப்பில் முதலிடம். ஜாஸ் உலகம் மதிக்கும் 'டவுன்பீட்' இதழின் 2010 விமர்சகர் வாக்கெடுப்பிலும் அதுவே அந்த ஆண்டின் ஆல்பம்! கிராமி பரிந்துரையும் கிடைத்தது. பரிசு மட்டும் ஜேம்ஸ் மூடிக்குப் போனது. என்னைக் கேட்டால், 'கலாங்' ஒன்றுக்காகவே கொடுத்திருக்கலாம். போகட்டும், 2013இல் மெக்கார்தர் விருது, 2014இல் ஹார்வர்டு பேராசிரியர் பதவி என்று தேடி வந்துவிட்டன.

ஜாஸ் என்றால் ஓடுபவரா நீங்கள்? முதலில் எம்.ஐ.ஏ. பாடிய 'கலாங்', கையோடு இந்த மூவர் வாசிப்பு. அந்த வரிசையில் கேட்டுப் பாருங்கள்.