குதிக்கும் சைக்கிள் எது? குதிக்காத சைக்கிள் எது?

 

என் பெரியப்பா பையன் பக்கத்து டவுனில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். அரசு கொடுத்த இலவச சைக்கிளில்தான் தினமும் ஆறு கிலோமீட்டர் போய் வந்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளோடு மதில் மேல் தாவுவதை செல்போனில் பார்த்துவிட்டு, ஊர் மேடையிலிருந்து அண்ணனும் சைக்கிளோடு குதித்தான். மேடை மூன்று அடி உயரம். முன் ஃபோர்க் பின்பக்கமாக வளைந்தது. ரிம் எட்டு போட்டது. அண்ணனுக்கு இடது கை மணிக்கட்டில் எலும்பு முறிவு. இப்போது கையில் மாவுக்கட்டோடு காலை ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறான்.

இதில் எனக்கும் ஒரு நஷ்டம். "ஒரு சைக்கிள் பண்ணுன வேலையே போதும்" என்று அம்மா என் சைக்கிளையும் பூட்டி சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார்கள். பத்து நாள் நடந்துதான் பள்ளிக்கு வந்தேன்.

நடக்கும்போது ஒரே யோசனை. அந்த வெள்ளைக்காரரும் குதித்தார், அண்ணனும் குதித்தான். அவர் சைக்கிள் மட்டும் ஏன் வளையவில்லை? சைக்கிள் கடை மாமாவிடம் கேட்டேன். நம் அறிவியல் ஆசிரியை பள்ளிக் கம்ப்யூட்டரில் தேடிப் படிக்க உதவினார்கள். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

அவர் யார்?

அவர் பெயர் டேனி மெக்காஸ்கில். ஸ்காட்லாந்து நாட்டில் ஸ்கை என்ற தீவில் 1985-ல் பிறந்தவர். எடின்பரோ நகரில் ஒரு சைக்கிள் கடையில் மெக்கானிக்காக வேலை பார்த்தார். ஆமாம், நம்ம சைக்கிள் கடை மாமா மாதிரிதான்! 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவருடைய வீடியோ வெளிவந்து உலகம் முழுக்கப் பரவியது. கூரான கம்பி வேலியின் மேல் சைக்கிள் ஓட்டுவார் பாருங்கள், அது அதில்தான் வருகிறது. அந்த வீடியோவை எடுக்கப் பல மாதங்கள் ஆயின. நாம் பார்ப்பது சில நிமிடங்கள் மட்டும்தான்.

ட்ரையல்ஸ் என்றால் என்ன?

ட்ரையல்ஸ் என்றால் சோதனை. இது முதலில் மோட்டார் சைக்கிளில் வந்தது. பாறை, சேறு, ஓடை எல்லாவற்றையும் காலைத் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். கால் ஊன்றினால் தண்டப் புள்ளி. 1970-களில் ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியா பகுதியில் பெரே பி என்ற மோட்டார் சைக்கிள் வீரர், தன் மகன் பழகுவதற்காக இதை மோட்டார் இல்லாத சைக்கிளுக்குக் கொண்டு வந்தார். அந்த மகன் ஓட் பி பிற்காலத்தில் உலக சாம்பியன் ஆனார். 1986 முதல் உலகப் போட்டிகள் நடக்கின்றன.

பாறை, மரக்கட்டை இவற்றை விட்டுவிட்டு, தெருவில் இருக்கும் படி, திண்ணை, மதில், கைப்பிடிக் கம்பி இவற்றில் செய்வதுதான் ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ். போட்டி சைக்கிளுக்குப் பெரும்பாலும் சீட்டே கிடையாது. ஸ்ட்ரீட் ட்ரையல்ஸ் சைக்கிளுக்கு ரொம்பத் தாழ்வாக ஒரு சின்ன சீட் இருக்கும். அதுவும் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்வதற்கு அல்ல!

தோழிகளுக்கு ஒரு செய்தி. இதில் பெண்களுக்கும் உலகப் போட்டி உண்டு. ஜெர்மனியின் நினா ரைஷன்பாக் பல முறை உலக சாம்பியன் ஆகியிருக்கிறார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது?" என்று யாராவது கேட்டால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

அண்ணன் போட்ட திட்டம்

அண்ணன் கோடை விடுமுறையில் வேலைக்குப் போய் ஒன்பதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறான். "கட்டுப் பிரிச்சதும் டவுன்ல ஷாக் அப்சார்பர் வச்ச கியர் சைக்கிள் வாங்கப் போறேன். அது வளையாது" என்றான். அது சரியா? இதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு ட்ரையல்ஸ் சைக்கிளை முதன்முதலாக வாங்குகிறவர்கள் என்னென்ன பார்க்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். என் சைக்கிளோடு ஒப்பிட்டும் பார்த்தேன்.

1. பிரேக்

முதலில் பார்க்க வேண்டியது பிரேக். கலர் அல்ல, டிசைன் அல்ல! இந்த விளையாட்டில் பாதி நேரம் சைக்கிள் ஓடாது, நிற்கும். பின்சக்கரத்தை மட்டும் ஊன்றி நிற்க வேண்டும் என்றால் பிரேக் பிடித்த சக்கரம் ஒரு அங்குலம் கூட உருளக் கூடாது. அதனால் முன், பின் இரண்டுக்கும் பிரேக் வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பிரேக் நல்லது.

சோதிக்கும் முறை: ஒரே விரலால் பிரேக் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னாலும் பின்னாலும் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் வாங்க வேண்டாம். என் சைக்கிளில் செய்து பார்த்தேன். நாலு விரலால் பிடித்தும் உருண்டது. கடை மாமா சிரித்துக்கொண்டே பிரேக் கட்டையை மாற்றி விட்டார். "குதிக்கிறது இருக்கட்டும், மொதல்ல நிக்கக் கத்துக்கம்மா" என்றார்.

2. பல் கணக்கு

என் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். 44-ஐ 18-ஆல் வகுத்தால் சுமார் 2.4. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 2.4 சுற்று சுற்றும். சாக்பீஸால் கோடு போட்டு அளந்தேன். ஒரு சுற்று மிதித்தால் ஐந்து மீட்டர் போகிறது. தூரம் போவதற்கு இது சரி.

ட்ரையல்ஸ் சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒன்றரைச் சுற்று அளவுதான் சுற்றும். சுமார் மூன்று மீட்டர் போகும். வேகம் வராது, ஆனால் ஒரே மிதியில் சட்டென்று உந்தும். அந்த உந்தலில்தான் படி ஏறுகிறார்கள். இதற்குப் பல கியர் வேண்டாம். ஒரே ஒரு சரியான கியர் போதும்.

3. ஃப்ரீவீல்

பெடலைப் பின்பக்கம் சுற்றினால் டிக் டிக் என்று சத்தம் வருமே, அதுதான் ஃப்ரீவீல். என் சைக்கிளில் ஒரு சுற்றுக்கு 20 டிக் எண்ணினேன். 360 டிகிரியை 20-ஆல் வகுத்தால் 18 டிகிரி. அதாவது பெடல் 18 டிகிரி வரை சும்மா போன பிறகுதான் பிடிக்கும். நல்ல ட்ரையல்ஸ் ஃப்ரீவீல் ஒரு சுற்றுக்கு 72 அல்லது 108 இடங்களில் பிடிக்கும். கணக்குப் போட்டால் 5 டிகிரி, அல்லது 3 டிகிரி சொச்சம். கால் அழுத்தியதும் சக்கரம் கேட்கும். மதில் மேல் நிற்கும்போது 18 டிகிரி சும்மா போனால் ஆள் கீழே!

விலை குறைந்த சைக்கிளில் ஃப்ரீவீல் வழுக்கும். பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடல் மேல் ஏறி நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

4. சக்கரமும் எடையும்

போட்டிகளில் 20 அங்குலம், 26 அங்குலம் என்று இரண்டு வகை சக்கரம். ஸ்ட்ரீட் ட்ரையல்ஸில் 24 அங்குலம் அதிகம். ஐந்தடி உயரம் உள்ள நம் வயதுக்காரர்களுக்கு அது பொருந்தும். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு 20 போதும்.

எடை சுமார் 10, 11 கிலோ. என் சைக்கிளைப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன், 18 கிலோ! அதில் கேரியர், மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தி. ட்ரையல்ஸ் சைக்கிளில் இவை எதுவும் கிடையாது. புத்தகப் பை கூட மாட்ட முடியாது.

5. பிரேமும் ஃபோர்க்கும்

பிரேம் அலுமினியத்திலும் வரும், குரோமோலி என்ற உறுதியான எஃகிலும் வரும். அலுமினியம் எடை குறைவு. எஃகு அடி தாங்கும், உடைவதற்கு முன்னால் பெரும்பாலும் வளைந்து காட்டிக் கொடுக்கும். பெடல் மாட்டும் அச்சு நம் சைக்கிளில் சக்கர அச்சைவிடத் தாழ்வாக இருக்கும். ட்ரையல்ஸ் சைக்கிளில் அது சக்கர அச்சுக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலேயோ இருக்கும். பின்சக்கரத்தில் எழுந்து நிற்க அது வசதி.

ஃபோர்க்கில் ஷாக் அப்சார்பர் இருக்காது. இதைப் படித்ததும் எனக்கே ஆச்சரியம். காரணம் இதுதான். குதிக்க நாம் கீழே அழுத்தும் விசையை ஸ்பிரிங் விழுங்கிவிடும். மணல் மூட்டை மேல் நின்று குதித்துப் பாருங்கள், சிமெண்டுத் தரையில் குதிக்கும் உயரம் வராது. அது மாதிரி.

ஆக, அண்ணன் பார்த்து வைத்த கியர் சைக்கிளில் எடை அதிகம், ஷாக் அப்சார்பர் இருக்கிறது, தேவையில்லாத கியர்கள் இருக்கின்றன. ரோட்டில் போக அது நல்ல சைக்கிள்தான். குதிக்க அது உதவாது. ஒன்பதாயிரமும் போய், இன்னொரு கையும் போயிருக்கும்.

6. பழைய சைக்கிள் என்றால்

புது ட்ரையல்ஸ் சைக்கிள் ஒன்றின் விலைக்கு நம் சைக்கிள் பத்துக்கு மேல் வாங்கலாம். அதனால் வெளிநாட்டிலும் புதிதாகப் பழகுகிறவர்கள் பலர் பழையதைத்தான் வாங்குகிறார்கள். வாங்கும்போது பிரேமில் வெல்டிங் வைத்த இடங்களைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பார் கழுத்துக்கும் பெடல் அச்சுக்கும் பக்கத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வேண்டாம். ரிம்மில் நசுங்கல் இருக்கிறதா, கிராங்க் ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஹெல்மெட், முழங்கால் காப்பு, கையுறை இவற்றுக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்த பிறகே சைக்கிள் விலை பேச வேண்டும்.

சைக்கிள் மட்டும் போதுமா?

போதாது. கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோம். நிற்கும் நேரம் கூடினால் விசை குறையும் என்று பாடத்தில் படித்தோம். இவர்களும் பின்சக்கரத்தை முதலில் இறக்கி, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி அதே வேலையைத்தான் செய்கிறார்கள். அண்ணன் முன்சக்கரம் முதலில் படும்படி, கையை விறைப்பாக வைத்துக்கொண்டு இறங்கினான். விசை முழுதும் ஃபோர்க்குக்கும் மணிக்கட்டுக்கும் போனது. சரியான சைக்கிளாக இருந்தாலும் அப்படி இறங்கினால் கை போயிருக்கும்.

அதனால்தான் ட்ரையல்ஸ் பழகுகிறவர்களுக்கு முதல் பாடம் குதிப்பது அல்ல, நிற்பது. ஓடாமல், கால் ஊன்றாமல், ஒரே இடத்தில் நிற்பது. இதற்கு நம் சைக்கிளே போதும். லேசான மேட்டைப் பார்த்தபடி மெதுவாகப் போய், முன்சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பி, முன்னால் இருக்கும் பெடலை மெல்ல அழுத்தி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். பார்வை தூரத்தில் இருக்க வேண்டும். வண்டி வராத மைதானத்தில் மட்டும் செய்யுங்கள்.

எழுதியதை எல்லாம் ஒரு நாள் ராத்திரி அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார். அண்ணன் தன் பணத்திலேயே புது ஃபோர்க்கும் ரிம்மும் வாங்கிப் போட்டான். மீதிப் பணம் அவனிடம் பத்திரமாக இருக்கிறது. "வேலைக்குப் போயி ஒரு நாள் அந்த சைக்கிள வாங்கத்தான் போறேன், நீ எழுதுன பேப்பரக் கிழிச்சிராத" என்றான். அதனால் இதை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன்.

அம்மா பானையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்கள். "குதிச்சன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் சாவி கெணத்துலதான்" என்று ஒரு நிபந்தனை. நான் குதிக்கவில்லை. நிற்கிறேன். இதுவரை என் சாதனை ஒன்பது வினாடி. மாலையில் மைதானத்துக்கு வாருங்கள், யார் பத்து வினாடி நிற்கிறார்கள் என்று பார்க்கலாம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி