இடுப்பு வலிக்கு இயன்முறைச் சிகிச்சை: முதல் நாளில் என்ன நடக்கும்?

நடவு, களையெடுப்பு, மருந்தடிப்பு, மூட்டை தூக்குதல் என்று குனிந்து நிமிரும் வேலை மிகுந்த தொழில் விவசாயம். ஆகவே இடுப்பு வலி அறியாத விவசாயியைக் காண்பது அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது.

வலி வந்ததும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதும், ஊசி போட்டுக்கொண்டு மறுநாளே வயலில் இறங்குவதும் பலரது வழக்கம். வலி மாத்திரைகளை நெடுநாள் உண்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரக்கூடும். வலியும் அடுத்த நடவில் திரும்பி வரும்.

மருத்துவர் பிசியோதெரபி என்னும் இயன்முறைச் சிகிச்சைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் பலர் போவதில்லை. போகிறவர்களில் சிலர், 'கேள்வி கேட்டே அனுப்பிவிட்டார்கள், கரண்டுகூட வைக்கவில்லை' என்று சலித்து மறுமுறை செல்வதில்லை. மண் பரிசோதனை செய்யாமல் உரம் இடுவது எப்படிச் சரியாகாதோ, அப்படியே உடலைச் சோதிக்காமல் பயிற்சி கொடுப்பதும் சரியாகாது. முதல் நாளின் பெரும் பகுதி இந்தச் சோதனைக்கே செலவாகும்.

முதலில் மருத்துவர்

சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் கழிக்க முடியாமை, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப் போதல், கால் வலுவிழத்தல், காய்ச்சலுடன் கூடிய முதுகு வலி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவை அத்தகையவை. மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்த பின் வலி வந்தாலும் மருத்துவரையே முதலில் பார்க்க வேண்டும். இந்நிலையில் முதுகை மிதிக்கச் சொல்வதும், இடுப்பைத் திருகிச் சொடக்கு எடுப்பதும் பெரும் ஆபத்தில் முடியும்.

எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது. அருகில் எங்கு வசதி உண்டு என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

கொண்டு செல்ல வேண்டியவை

மருத்துவர் கொடுத்த சீட்டு, முன்பு எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன், உண்டு வரும் மாத்திரைகள் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். எக்ஸ்ரே இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பெரும்பாலான இடுப்பு வலிக்கு அது தேவைப்படுவதில்லை.

ஆண்கள் வேட்டிக்குள் அரைக்கால் சட்டை அணிந்து செல்வது நல்லது. பெண்கள் தளர்வான உடை அணியலாம். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போகாமல், இலேசாக உண்டு செல்வது நலம்.

கேள்விகளுக்கு விடை

வலி எப்போது தொடங்கியது, காலில் இறங்குகிறதா, இருமினால் கூடுகிறதா, இரவில் தூக்கம் கெடுகிறதா என்றெல்லாம் சிகிச்சையாளர் கேட்பார். வலிக்குப் பூஜ்யத்திலிருந்து 10 வரை மதிப்பெண் போடச் சொல்வார்.

'விவசாயம்' என்று ஒரே சொல்லில் விடை சொன்னால் போதாது. 16 லிட்டர் கைத்தெளிப்பானில் தண்ணீரின் எடை மட்டுமே 16 கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. நாளொன்றுக்கு எத்தனை டேங்க் அடிப்பது, எத்தனை மூட்டை தூக்குவது, எத்தனை மணி நேரம் குனிந்து களையெடுப்பது, பால் கறப்பது எப்படி உட்கார்ந்து என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும். வலியின் காரணம் பெரும்பாலும் இந்த விவரத்தில்தான் இருக்கும்.

சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதயத்தில் பேஸ்மேக்கர், உடலில் உலோகத் தகடு, கர்ப்பம் ஆகியவற்றை மறைக்கவே கூடாது. மின் சிகிச்சைகளும் வெப்பச் சிகிச்சைகளும் சில இவர்களுக்கு ஆகாதவை.

சோதனைகள்

முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் குனியச் சொல்வார்கள். குதிகாலாலும் முன்காலாலும் நடக்கச் சொல்வார்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, காலை மடக்காமல் மேலே தூக்குவார்கள். அப்போது வலி காலில் 'விர்' என்று ஓடினால் நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டுவதும், பஞ்சால் தொட்டு உணர்ச்சி பார்ப்பதும் உண்டு. வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுக்காமல் உடனே சொல்ல வேண்டும்.

அன்றைய சிகிச்சை

சிலருக்கு ஒத்தடமோ மின் சிகிச்சையோ அன்றே கொடுக்கப்படும், சிலருக்குத் தேவைப்படாது. மின் சிகிச்சையில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு இருக்கலாம். சுடுவது போலிருந்தால் சொல்லிவிட வேண்டும். கால் மரத்துப் போன சர்க்கரை நோயாளிகளுக்குச் சூடு தெரியாமலே புண்ணாகிவிடும். அவர்கள் முன்னதாகவே எச்சரிக்க வேண்டும்.

இவை வலியைச் சற்றுத் தணிப்பவையே. உண்மையான மருந்து, கற்றுத் தரப்படும் இரண்டு மூன்று பயிற்சிகள்தான். அவற்றைப் பார்த்துவிட்டு மட்டும் வரக்கூடாது. அங்கேயே செய்து காட்டித் திருத்திக்கொண்டு வர வேண்டும். எத்தனை முறை, எத்தனை நாள், எந்த வேலையைத் தவிர்ப்பது, மறுபடி எப்போது வருவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் ஓரிரு நாள் இலேசான சதை வலி இருக்கலாம். வலி காலில் இறங்கினாலோ, புதிதாக மரத்துப் போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டுச் சிகிச்சையாளரிடம் தெரிவிக்க வேண்டும்.

படுக்கை வேண்டாம்

இடுப்பு வலிக்கு வாரக்கணக்கில் பலகையில் படுத்திருக்கச் சொன்ன காலம் உண்டு. இன்று அந்த யோசனை கைவிடப்பட்டுவிட்டது. நெடுநாள் படுத்திருந்தால் சதை வலுவிழந்து குணமாவது தாமதப்படும். முடிந்த அளவு நடமாடுவதே நல்லது. புதிதாக வந்த இடுப்பு வலி பெரும்பாலும் 6 வாரத்திற்குள் தணிந்துவிடும்.

வேலை முறையிலும் மாற்றம் வேண்டும். தெளிப்பானைப் பாதி மட்டும் நிரப்பலாம். அதை இடுப்பு உயரத் திண்ணையில் வைத்து முதுகில் மாட்டலாம். மூட்டையை இருவராகத் தூக்கலாம். முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு அணைத்து எழ வேண்டும். வரிசை நடவு செய்த வயலில், நின்றபடியே தள்ளும் கோனோ வீடர் களையெடுப்புக்கு உதவும். குனிந்தே செய்ய வேண்டிய வேலையில் அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துச் சற்றுப் பின்னால் வளைவது நலம்.

மருத்துவமனைக்குப் போய்வர அரை நாள் கூலி போகும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் காலையும் மாலையும் கால் மணி நேரம் பயிற்சி செய்வதற்குக் கூலி எதுவும் போகாது. அதை விடாமல் செய்பவருக்கு, முதல் நாளில் செலவான அந்த அரை நாள் வீணாவதில்லை.